உமியும் களிமண்ணும்

உமிக்கரியால் பல் துலக்கி வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் நெல் குத்திய நாட்களில் உமிக்குக் குறைவில்லை. கொல்லைப்புறத்தில் அதைக் குவித்து மூட்டமிட்டுக் கருக்கி, சிறிது உப்புச் சேர்த்துப் பொடித்து, ஒரு மரச்சம்புடத்தில் நிரப்பி வைத்திருப்பார்கள். காலையில் அதை எடுத்துத் தேய்த்தால் பல் வெளுக்கும், ஈறும் எரியும். "கரி மெத்தென்றுதானே இருக்க வேண்டும்? இது மட்டும் ஏன் இப்படி உரசுகிறது?" என்று என் பாட்டியாரை ஒரு நாள் கேட்டேன். "நெல்லுக்கு உமி கவசமடா, அப்பா. கவசம் என்றால் கெட்டியாகத்தானே இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எழுத்தறியாத அம்மூதாட்டியார் சொன்ன விடை எவ்வளவு சரியானது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் அறிந்தேன். உமியை முற்றிலும் எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிலிக்கா. ஆற்று மணலில் பளபளக்கிறதே, அதே பொருள்தான். நெற்பயிர் மண்ணிலிருந்து நீரோடு அதனை உறிஞ்சித் தன் மணியைச் சுற்றி மெல்லிய ஓடாகக் கட்டிக்கொள்கிறது.

நேயர்களே, இன்று நான் உங்களிடம் பேச எடுத்துக்கொண்டிருப்பது இந்த உமியும் சாதாரணக் களிமண்ணும் சேர்ந்து செய்த ஒரு பெரிய காரியத்தின் வரலாறு. கடுந்தீயைத் தாங்கும் சுட்ட மண் கலங்களை மனிதன் எவ்வாறு செய்தான், அவை தாங்குமா என்பதை எவ்வாறு சோதித்தான் என்பதே பொருள்.

தென்னாட்டு எஃகின் பெருமையை நீங்கள் பல முறை கேட்டிருப்பீர்கள். 'உருக்கு' என்னும் நம் சொல்லே உருக்கி எடுத்த இரும்பு என்னும் பொருளைத் தருகிறது. கன்னடத்தார் அதனை 'உக்கு' என்பர். அச்சொல்லே திரிந்து ஐரோப்பியர் வாயில் 'வூட்ஸ்' ஆயிற்று என்பது பலர் கொள்கை. 1794-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து டாக்டர் ஸ்காட் என்பவர் இந்த எஃகுக் கட்டிகளை லண்டன் ராயல் சங்கத்தின் தலைவராக இருந்த சர் ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பி வைத்தார். 1795-இல் பியர்ஸன் என்னும் மருத்துவர் அவற்றை ஆராய்ந்து அச்சங்கத்தில் கட்டுரை படித்தார். பின்னர் 1819-இல் மைக்கேல் ஃபாரடேயும் அதனை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். மின்சார உலகின் தந்தையருள் ஒருவராக விளங்கிய அப்பெருமகனார் தம் இளமையில் நம் எஃகைப் பகுத்துப் பார்த்தார் என்பது நமக்குப் பெருமைதான்.

ஆனால், இவர்கள் கைக்குச் சென்றது எஃகுக் கட்டி மட்டுமே. அந்தக் கட்டி உருவான கலம் கப்பலேறவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. உருகிய எஃகு கலத்துக்குள்ளேயே ஆறிக் கெட்டியாகிவிடும். பிறகு கலத்தை உடைத்துத்தான் கட்டியை வெளியே எடுக்க வேண்டும். ஒரு முறை உலையேறிய கலத்துக்கு மறுமுறை வேலையில்லை. உடைந்த ஓடுகள் உலைக்களத்துக்கு அருகே மேடாகக் குவிந்தன. எஃகைப் புகழ்ந்த உலகம் அந்த ஓட்டு மேட்டைத் திரும்பிப் பார்க்க நெடுங்காலம் ஆயிற்று.

இக்கலத்துக்கு மூசை என்று பெயர். பொற்கொல்லர் பட்டறையில் பொன் உருக்கும் சிறு கிண்ணத்தையும் மூசை என்றே சொல்வர். புடக்குகை என்பதும் அதுவே. எஃகு உருக்கும் மூசையைப் பற்றி விரிவாக எழுதி வைத்தவர்களுள் ஜோசையா ஹீத் என்னும் ஆங்கிலேயர் ஒருவர். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்து, அதை விட்டு, பரங்கிப்பேட்டையில் 1830-ஆம் ஆண்டில் இரும்பாலை தொடங்கியவர் அவர். 1839-இல் வெளிவந்த அவரது கட்டுரையிலிருந்து நம் கொல்லர்களின் முறையை அறிகிறோம். தேனிரும்பைத் துண்டுகளாக வெட்டி மூசைக்குள் இடுவார்கள். அதனுடன் உலர்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்ப்பார்கள். மேலே எருக்கிலை போன்ற பச்சிலைகளை வைத்து மூடி, வாயைப் பிசைந்த களிமண்ணால் அடைப்பார்கள். ஒரு மூசைக்குள் அடங்குவது ஓரிரு ராத்தல் இரும்புதான். இப்படி இருபது, இருபத்து நான்கு மூசைகளை ஒரு சிறு உலையில் வளைவாக அடுக்கி, கரியிட்டு, துருத்தியால் விடாமல் ஊதுவார்கள். ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் வேலை முடியும். மூசை செய்யும் மண்ணைப் பற்றி ஹீத் கூறுவது நம் கவனத்துக்கு உரியது: தீத்தாங்கும் களிமண்ணுடன் கருக்கிய உமியை மிகுதியாகக் கலந்து பிசைவார்கள் என்கிறார்.

இந்த உமி எதற்கு? கலத்தின் எடையைக் குறைப்பதற்கா? கிடைத்ததைக் கலந்தார்களா? அல்லது காரணம் அறிந்து கலந்தார்களா?

இதற்கு விடை காணுமுன் மூசை எத்தகைய துன்பத்துக்கு ஆளாகிறது என்று எண்ணிப் பாருங்கள். தூய இரும்பு உருகுவதற்கு 1538 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். கரிச்சத்து நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஏறினால் ஏறத்தாழ 1400 டிகிரியிலேயே உருகிவிடும். அந்த அனலில் மூசை இளகிச் சாயாமல் நிற்க வேண்டும். உள்ளே உருகிய எஃகும் கசடும் சுவரை அரிக்கும். வெளியே கரிச்சாம்பல் அதன் மேல் படிந்து கண்ணாடியாக உருகி அரிக்கும். துருத்திக் காற்று படும் பக்கம் ஒரு வெப்பம், மறுபக்கம் வேறொரு வெப்பம். இவ்வளவுக்கும் நடுவே ஒரு சிறு விரிசல் கண்டால் போதும். எஃகு ஒழுகி உலையோடு போய்விடும். வெட்டி வைத்த இரும்பும், காடு சென்று வெட்டிச் சுட்ட கரியும், துருத்தி மிதித்தவர் உழைப்பும் அந்த ஒரு விரிசலில் தொலைந்துவிடும்.

நம் ஊர்ச் செம்மண்ணில் இரும்பின் துரு கலந்திருக்கிறது. அந்தச் சிவப்பே அதற்கு அடையாளம். கடுந்தீயில் அத்துரு களிமண்ணோடு கூடி அதனை எளிதில் இளகச் செய்துவிடும். ஆகவே, வெறும் செம்மண் மூசை எஃகு உருகுவதற்கு முன்பே தான் உருகிவிடக் கூடும். இங்கேதான் உமி உதவிக்கு வருகிறது. மூசைச் சுவருக்குள் சிக்கிய உமிக்கரிக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. ஆகையால் அது எரிந்து போவதில்லை. கரியாகவே நின்று, களிமண்ணில் உள்ள துருவிலிருந்து பிராணவாயுவைப் பறித்து, அதனை நுண்ணிய இரும்புத் துளிகளாக மாற்றிவிடுகிறது. இளகச் செய்யும் பகை இவ்வாறு ஒடுங்கிவிடுகிறது. உமியின் சிலிக்கா ஓடு தன் உருக்கெடாமல் சுவருக்குள் எலும்புக்கூடு போல நிற்கிறது. களிமண்ணோ அந்த வெப்பத்தில் தனக்குள்ளேயே ஊசி ஊசியான பளிங்குகளை வளர்க்கிறது. இந்த ஊசிப் பளிங்குக்கு முல்லைட்டு என்று பெயர். ஸ்காட்லாந்தை அடுத்த மல் என்னும் தீவில் இயற்கையாகக் கிடைத்ததனால் 1924-ஆம் ஆண்டில் அப்பெயர் பெற்றது.

இவையெல்லாம் ஊகங்கள் அல்ல. தெலுங்கானாவில் நிசாமாபாத் மாவட்டத்துக் கோனசமுத்திரம் ஒரு காலத்தில் எஃகுக்குப் பேர்பெற்ற ஊர். அங்கே கிடந்த மூசை ஓடுகளை அமெரிக்க ஆய்வாளர் தெல்மா லோ அம்மையாரும் அவருடைய துணைவர்களும் மின்னணு நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் வெளிவந்த அவர்கள் கட்டுரை, அந்த ஓட்டினை முல்லைட்டு இழைகளால் வலுவூட்டப்பட்ட பழங்காலக் கூட்டுப்பொருள் என்றே வகைப்படுத்தியது. நம் தமிழகத்தில், பழைய தென்னார்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் இத்தகைய ஓட்டுக் குவியல் ஒன்று இருப்பதை ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் 1990-களில் வெளிப்படுத்தினார். அந்த ஓடுகளின் உட்புறத்தில், உருகிய எஃகு எந்த மட்டம் வரை நின்றது என்பதைக் காட்டும் கண்ணாடி போன்ற வரம்பு ஒன்று ஓடுகிறது. குளத்துப் படியில் நீர் நின்ற தடம் தெரிவது போல, எஃகு நின்ற தடம் அங்கே தெரிகிறது.

கூட்டுப்பொருள் என்று சொன்னேன். ஒன்றுக்கொன்று இயல்பில் மாறுபட்ட இரண்டு பொருள்கள், தத்தம் தனித்தன்மை கெடாமல் ஓருடலாய் நின்று, தனித்தனியே செய்ய இயலாத வேலையைச் செய்தால் அதுவே கூட்டுப்பொருள். வைக்கோல் கலந்து பிசைந்த மண்சுவரும் அவ்வகையே.

இதனை நானே சோதித்துப் பார்த்த ஒரு சிறு கதையைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் படித்த நாளில், விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது, எங்கள் ஊர்க் குயவர் ஒருவரிடம் சென்று, வெறும் களிமண்ணில் பத்து வில்லைகளும், உமி கலந்த களிமண்ணில் பத்து வில்லைகளும் செய்துகொண்டேன். "தம்பி, உமி போடாமல் அடுப்பு வைத்தால் மூன்றாம் நாளே வாயைப் பிளந்துவிடும். இதற்குச் சோதனை எதற்கு?" என்று அவர் சிரித்தார். இருந்தும் தம் சூளையிலேயே அவற்றைச் சுட்டுக் கொடுத்தார். கொல்லுலையில் ஒவ்வொன்றையும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீர்த் தொட்டியில் இட்டேன். வெறும் களிமண் வில்லைகளில் ஏழு, முதல் முழுக்கிலேயே ஓசையுடன் பிளந்தன. உமி கலந்தவற்றில் எட்டு, மூன்று முழுக்குகளையும் தாங்கின. எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் தாங்கிய வில்லைகளைக் கையால் ஒடித்துப் பார்த்தபோது அவை வெறும் களிமண் வில்லைகளைவிட எளிதாக ஒடிந்தன! உமி, மண்ணுக்கு வலிமையைக் கூட்டவில்லை. அடிபட்டால் ஒரேயடியாகப் பிளந்து போகாத பொறுமையைக் கொடுத்தது. வலிமை வேறு, பொறுமை வேறு என்பதை அன்று கண்டேன்.

உடைந்த இரண்டு உமி வில்லைகளையும் குயவரிடம் காட்டினேன். அவர் ஓட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்து, "இங்கே உமி கட்டியாக நின்றுவிட்டது. நீ பிசைந்த மண் இது" என்றார். நான் தலை குனிந்தேன். என் பிழை ஓட்டில் எழுதியிருந்தது.

மேலை நாட்டார் இத்துறையில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். ஜெர்மனியில் ஹெஸ்ஸே நாட்டின் குரோஸ்ஸல்மெரோடு என்னும் ஊரில் செய்த மூசைகள் ஐரோப்பா எங்கும் ரசவாதிகளாலும் பொன் மாற்றுப் பார்ப்போராலும் போற்றப்பட்டன. அமெரிக்கக் குடியேற்றங்கள் வரை சென்றன. செய்முறையை அவ்வூரார் மறைத்தே வைத்திருந்தனர். துருக் கலப்பில்லாத வெண்களிமண்ணோடு மணலைக் கலந்து மிகுந்த வெப்பத்தில் சுட்டார்கள் என்பதும், அதனால் உண்டான முல்லைட்டே அவற்றின் மேன்மைக்குக் காரணம் என்பதும் 2006-ஆம் ஆண்டில்தான் ஆராய்ச்சியால் வெளிப்பட்டன. முல்லைட்டு என்ற பெயர் பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அதனைத் தம் சூளையில் விளைவித்தவர்கள் அவர்கள்.

இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரை அடுத்து வாழ்ந்த பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் ஒரு கடிகாரக்காரர். கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்காமல் தவித்த அவர், 1740-களில் மூசையில் எஃகு உருக்கும் முறையைத் தாமே கண்டறிந்தார். ஷெபீல்டு மூசைக்குக் களிமண்ணோடு கல்கரித் தூளையும் சிறிது சேர்த்தார்கள். அந்தக் கலவையைத் தொழிலாளர் வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதித்தனர். ஒரு சிறு கல் இருந்தாலும் பாதத்துக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அந்தக் கல் மண்ணிலேயே நின்றுவிட்டால் உலையில் மூசை வெடிக்கும். எனவே, அங்கே முதல் சோதனைக் கருவி மனிதனின் உள்ளங்காலே. ஒரு மூசை பெரும்பாலும் மூன்று முறை எஃகு உருக்கும். பிறகு குப்பைக்குப் போகும்.

மூசைக்குக் கரி சேர்க்கும் இந்த வழக்கம் பின்னர்ப் பெருந்தொழிலாக வளர்ந்தது. 1856-ஆம் ஆண்டில் லண்டன் பாட்டர்ஸீப் பகுதியில் மார்கன் சகோதரர்கள் களிமண்ணோடு கிராபைட்டைக் கலந்து மூசை செய்யும் ஆலையைத் தொடங்கினார்கள். கிராபைட்டு என்பது பென்சிலில் எழுதும் கருமைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகின் மூசை ஆலைகளுக்கு அதனை மிகுதியாக வழங்கியது இலங்கைத் தீவு. கிராபைட்டு மூசைகள் இன்றும் வார்ப்படச் சாலைகளில் பயன்பட்டு வருகின்றன.

உள்ளங்கால் கல்லைக் கண்டுபிடிக்கும். உலையின் வெப்பத்தை அளக்குமா? பாதரச உஷ்ணமானி அந்த அனலில் நில்லாது. கொல்லன் தணலின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே காலம் அறிந்தான். ஆங்கிலக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட் 1782-ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டார். களிமண் சுடச்சுடச் சுருங்குகிறது. ஆகவே, ஓர் அளவான களிமண் துண்டை உலையில் இட்டு எடுத்து, அது எவ்வளவு சுருங்கிற்று என்று ஒரு பித்தளைப் பள்ளத்தில் வைத்து அளந்தால் வெப்பம் தெரியும் என்றார். கருத்து அருமையானது. ஆனால், அவர் தம் அளவைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது பெரும்பிழை நேர்ந்தது. வார்ப்பிரும்பு உருகுவதற்குப் பதினேழாயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும் என்று கணக்கு வந்தது! உண்மை அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் சுட்ட மண்ணையே சாட்சியாக்கி வெப்பத்தை அளக்க முனைந்த அவரை ராயல் சங்கம் 1783-இல் தன் உறுப்பினராக்கிச் சிறப்பித்தது.

நூறாண்டு கழித்து, 1886-இல், பெர்லின் அரசுப் பீங்கான் ஆலையைச் சேர்ந்த ஹெர்மன் சேகர் அப்பிழையைத் தவிர்த்து வேறொரு வழி செய்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெப்பத்தில் இளகும்படி கலவையை மாற்றிச் சிறு கூம்புகளைச் செய்தார். அவற்றைச் சூளைக்குள் வரிசையாக நிறுத்திவிட்டால், எந்தக் கூம்பு தலை கவிழ்ந்தது, எது நிமிர்ந்து நின்றது என்று துளை வழியே பார்த்து வெப்பத்தை அறியலாம். ஏறத்தாழ அதே காலத்தில் பிரெஞ்சு அறிஞர் லெ ஷாடெலியே, பிளாட்டினக் கம்பிகளின் முனையில் எழும் மின்னழுத்தத்தைக் கொண்டு உலை வெப்பத்தை அளக்கும் கருவியைச் செம்மைப்படுத்தினார். வெப்பத்தை எண்ணால் சொல்ல முடிந்த பிறகுதான், ஒருவர் செய்த சோதனையை மற்றொருவர் மறுபடி செய்து பார்ப்பது எளிதாயிற்று.

எனினும் அடிப்படையான ஒரு கேள்வி நின்றது. கண்ணாடியும் பீங்கானும் ஏன் முன்னறிவிப்பின்றிப் படீரென்று உடைகின்றன? இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கிரிஃபித் என்னும் இளம் பொறியியலார் 1920-இல் இதற்கு விளக்கம் தந்தார். எல்லாப் பொருள்களிலும் கண்ணுக்குப் புலப்படாத சிறு கீறல்கள் உள்ளன. பொருளின் மேல் விழும் இழுவிசை அக்கீறலின் முனையில் குவிகிறது. உலோகமாயின் அந்த முனை சற்றே நெகிழ்ந்து கொடுத்து மழுங்கிவிடும். பீங்கானுக்கு நெகிழத் தெரியாது. ஆதலால் கீறல் ஒரு கணத்தில் பொருளை ஊடுருவிச் செல்கிறது. சுவீடன் நாட்டு வைபுல் என்பவர் 1939-இல் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். சங்கிலியின் வலிமை அதன் மிகவும் மெலிந்த கண்ணியின் வலிமையே. ஒரே மண்ணில் ஒரே நாளில் செய்த பத்து வில்லைகளில் எதில் பெரிய கீறல் ஒளிந்திருக்கிறதோ அது முதலில் உடையும். ஆகவே, ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றவற்றுக்கு உறுதி கூற முடியாது. பலவற்றை உடைத்துப் பார்த்தே கணக்கிட வேண்டும். என் பத்து வில்லைகளில் இரண்டு ஏன் உடைந்தன என்பதற்கு நம் குயவர் விரலால் தடவிச் சொன்ன விடையும் இதுதான்.

கீறலே பகை என்றால், கீறலே இல்லாத பொருளைச் செய்ய முயல்வது ஒரு வழி. கீறல் வந்தாலும் அதனை வழி மறித்து நிறுத்துவது மற்றொரு வழி. நம் மூசை இரண்டாம் வழியைச் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஞ்ஞானமும் அவ்வழிக்கே வந்தது. வந்தபோது, வியக்கத்தக்க முறையில், மறுபடியும் உமியைக் கையில் எடுத்தது.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐவன் கட்லர், நெல்லுமியிலிருந்து சிலிக்கான் கார்பைடு செய்யும் முறைக்கு 1973-இல் காப்புரிமை பெற்றார். சிலிக்கான் கார்பைடு என்பது வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைத்து எண்ணத்தக்க கடினப்பொருள், சாணைக்கல்லில் பயன்படுவது. அதனைச் செய்யச் சிலிக்காவும் கரியும் வேண்டும். உமியில் அவ்விரண்டும் இயற்கையாகவே நெருங்கிக் கலந்துள்ளன. காற்றுப் புகாமல் கடுமையாகக் காய்ச்சினால், தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய சிலிக்கான் கார்பைடு ஊசிகள் விளைகின்றன. 1980-களில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் பெச்சரும் வேயும் அத்தகைய ஊசிகளை அலுமினா என்னும் பீங்கானில் கலந்து ஆராய்ந்தார்கள். பிளவைத் தடுக்கும் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. ஜெட் எஞ்சின்களுக்கான கடினமான நிக்கல் கலவை உலோகங்களைக் கடையும் உளிகள் இக்கூட்டுப்பொருளால் செய்யப்பட்டன. பழைய மூசைகளில் இந்த ஊசிகளே விளைந்தன என்று நான் சொல்ல வரவில்லை. உமியின் உள்ளமைப்பை ஒரு காலத்தில் கைகள் அறிந்திருந்தன. பிறகு வேறொரு தேசத்தில் கருவிகள் அறிந்தன. அவ்வளவே சொல்வேன்.

அதற்கும் அடுத்த படியை எடுத்து வைத்தவர் ஜப்பானிய அறிஞர் செய்ஷி யாஜிமா. தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் 1975-இல், சிலிக்கானும் கரியும் அடங்கிய ஒரு பிசினை நூலாக இழுத்துச் சுட்டு, நீண்ட சிலிக்கான் கார்பைடு இழையை அவர் உண்டாக்கினார். அந்த இழையைத் துணி போல நெய்து அடுக்கி, இடைவெளியைச் சிலிக்கான் கார்பைடாலேயே நிரப்பிய கூட்டுப்பொருள், எடையில் நிக்கல் கலவையின் மூன்றில் ஒரு பங்கே. அமெரிக்க, பிரெஞ்சு நிறுவனங்கள் கூடிச் செய்த லீப் என்னும் ஜெட் எஞ்சின் 2016-இல் பயணிகள் விமானங்களில் பறக்கத் தொடங்கியது. அதன் உட்புறத்தில் கொதிக்கும் காற்றோட்டத்தைச் சூழ்ந்த வளையம் இத்தகைய சுட்ட பொருளால் ஆனது. வானில் பறக்கும் எஞ்சினுக்குள் ஒரு வகை மூசைச் சுவர் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இழையும் அதனைச் சூழ்ந்த பொருளும் இறுகப் பிணைந்துவிட்டால் கீறல் இரண்டையும் ஒருசேர வெட்டிச் செல்லும். ஆகவே, இழையின் மேல் போரான் நைட்ரைடு என்னும் மெல்லிய பூச்சிட்டு, பிணைப்பை வேண்டுமென்றே சிறிது தளர்த்தி வைக்கிறார்கள். கீறல் அத்தளர்ந்த இடத்துக்கு வந்ததும் திசை திரும்பி வலுவிழக்கிறது. அதன் பிறகும் சோதனை ஓய்வதில்லை. வளைத்துப் பார்க்கிறார்கள், பாரம் ஏற்றி அனலில் ஆயிரக்கணக்கான மணி நேரம் தொங்கவிடுகிறார்கள், சூடேற்றிக் குளிரவைத்து மீண்டும் சூடேற்றுகிறார்கள். எரிவாயுவில் உள்ள நீராவி, பொருளின் மேல் காப்பாக நிற்கும் சிலிக்காப் படலத்தை ஆவியாக்கிக் கொண்டு போய்விடுகிறது என்பது அத்தகைய சோதனைகளால் தெரிய வந்தது. அதற்கெனத் தனியே ஒரு காப்புப் பூச்சும் பூச வேண்டியதாயிற்று.

பொருளைச் சோதித்தால் மட்டும் போதாது. அதைச் செய்யும் மனிதனுக்கு என்ன நேரும் என்றும் பார்க்க வேண்டும். சிலிக்கான் கார்பைடு ஊசித்தூள் மூச்சோடு நுரையீரலில் தங்கினால் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் எனப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 2014-இல் கூடி முடிவு செய்தது. தீயைத் தாங்கும் பொருளைச் செய்கிறவரின் மூச்சைக் காப்பதும் அத்தொழிலின் கடமையே.

இனி, நம் மூசைகள் என்ன ஆயின? பெஸ்ஸிமர் 1856-இல் கண்ட முறையால் எஃகு மலிந்து கப்பல் கப்பலாக வந்திறங்கியது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காட்டுக்கரியை எட்டாததாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் நம் எஃகுலைகள் பெரும்பாலும் அவிந்தன. எஃகு போனதைவிட எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுவது வேறொன்று. எந்த மண், எவ்வளவு உமி, எத்தனை நாள் உலர்த்தல், எந்த நிறத்தில் துருத்தியை நிறுத்துவது என்னும் அறிவெல்லாம் கையிலிருந்து கைக்குச் சென்ற அறிவு. கை ஓய்ந்ததும் அதுவும் ஓய்ந்தது. ஹீத் போன்ற வெளியார் சிலர் எழுதி வைத்த குறிப்புகளையும் உடைந்த ஓடுகளையும் கொண்டுதான் இன்று நாம் அதனைத் திரும்பக் கட்டிப் பார்க்கிறோம். மூசை வனைந்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

ஒரு முறை அத்தகைய மூசை ஓடு ஒன்றைக் கையில் ஏந்திப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வெளிப்புறம் கண்ணாடி போல மினுங்கிற்று. உடைந்த விளிம்பு கன்னங்கரேலென்று இருந்தது. அதைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தபோது நெல்லுமியின் வடிவம், அதன் முதுகு வரிகளுடன், சிறு சிறு பள்ளங்களாகத் தெரிந்தது. விரிசலைத் தேடினேன். ஒரு விரிசல் இருந்தது. விளிம்பிலிருந்து புறப்பட்டு, உமிப்பள்ளம் ஒன்றை அடைந்து, அங்கேயே நின்றிருந்தது.

உங்கள் ஊரின் ஒதுக்குப்புறத்திலும் கரிய ஓடுகள் கிடக்கும் மேடு ஒன்று இருக்கலாம். வீட்டுமனைக்காக அதனை வாரிச் சமன் செய்யுமுன், ஓர் ஓட்டை எடுத்து விளிம்பைப் பாருங்கள். உமியின் தடம் தெரிந்தால் தொல்பொருள் துறையினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதப்படாத நூலின் ஓர் ஏடு உங்கள் கையில் இருக்கக் கூடும்.